சில்லறை வேலை செய்கிறவர்களுக்கு ஓர் அட்டை கொடுங்கள்

பெறுநர்: தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்ற உறுப்பினர்கள், நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை, மின் உரிமம் வழங்கும் வாரியம், தொழிலாளர் நலத்துறை.

ஐயா, அம்மா, வணக்கம்.

வீடு வீடாகப் போய்ச் சில்லறை வேலை செய்வது என் தொழில். ஒழுகுகிற குழாய்க்கு ஸ்பிண்டில் மாற்றுவேன். ஆடி அசைந்து சுற்றுகிற ஃபேனுக்கு இரண்டரை மைக்ரோ ஃபேரட் கண்டென்சர் போடுவேன். ஃப்ளஷ் டேங்க், கதவுத் தாழ்ப்பாள், கொசுவலை, திரைச்சீலைக் கம்பி, சுவரில் டிவி மாட்டுவது, வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் லைன் இழுப்பது என்று ஒரு நாளைக்கு நாலைந்து வீடு. காவிரிக் கரையில் ஒரு நகரம். 17 வருஷமாக இதே வேலைதான். பிள்ளைகள் படிப்பு, வீட்டு வாடகை, அம்மாவின் மாத்திரை எல்லாம் இந்தப் பையிலிருந்துதான் வருகின்றன.

எங்கள் தொழிலுக்கு ஒற்றைப் பெயர் கிடையாது. எலக்ட்ரீஷியன் என்றால் பாதிதான் சரி. பிளம்பர் என்றாலும் பாதிதான். "எல்லா வேலையும் பார்ப்பாரே, அவரைக் கூப்பிடு" என்பார்கள். அந்தப் பெயர் எந்தப் படிவத்திலும் இல்லை என்பது போன தை மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

தொழில் பழகுகிற இரண்டு தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு, பெயர்ப் பலகையும் பில் புத்தகமும் வைத்து முறையாக நடத்தலாம் என்று நினைத்தேன். "முதல்ல லைசென்ஸ் எடுங்கப்பா" என்றாள் மூத்த மகள். சரி என்று ஓர் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கிருந்தவர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் பேசினார். குறை அவரிடம் இல்லை.

"கடை எங்க இருக்கு?" என்றார்.

"கடை இல்லீங்க சார். வீட்டுக்குப் போய் வேலை பார்ப்பேன்."

"கடை இல்லாம எப்படிங்க? இடத்துக்குத்தானே லைசென்ஸ். வாடகை ஒப்பந்தம் கேக்குது, சொத்து வரி ரசீது கேக்குது, எத்தனை சதுர அடின்னு கேக்குது. இதுல எதை எழுதுறது?"

வாசலில் நின்ற என் வண்டியைக் காட்டினேன். பின் சீட்டில் கட்டியிருக்கும் பெட்டிதான் என் கடை. அவர் தொழில் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு முறை பார்த்தார். "ஹார்டுவேர் கடைன்னு போட்டுக்கலாமா?" என்று உதவி செய்கிற மனசோடுதான் கேட்டார். இல்லாத கடையை இருப்பதாக எழுத எனக்கு மனம் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு மகளோடு உட்கார்ந்து இரவுகளில் சட்டங்களைத் தேடிப் படித்தேன். பாதி அவள் வாசித்துச் சொன்னது. இந்த மடலில் இருப்பதெல்லாம் அப்படித் தெரிந்துகொண்டதும் வேலையில் கண்டதும்தான்.

நம் நகராட்சி உரிமம் பிறந்த இடம் வேறு. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில், எந்த இடத்தை எந்தக் காரியத்துக்கு உரிமமின்றிப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் பிரிவு போட்டார்கள். அரிசி ஆலை, தோல் பதனிடுமிடம், எண்ணெய்க் கிடங்கு என்று அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரக்கூடிய இடங்களைக் கட்டுப்படுத்தப் பிறந்த ஏற்பாடு அது. அந்தக் கவலை நியாயமானது. இப்போது 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் பழைய சட்டங்களின் இடத்தில் இருக்கின்றன. ஆனாலும் உரிமம் என்றதும் கண் முதலில் தேடுவது நாலு சுவரையும் ஒரு ஷட்டரையும்தான். எங்கள் தொழிலில் ஆபத்து எங்கள் இடத்தில் இல்லை. இன்னொருவருடைய வீட்டில், அவருடைய குளியலறைச் சுவருக்குள், அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது.

அதை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன்.

பழைய ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டுக் கட்டிய வீடு. கட்டி 25 வருஷத்துக்கு மேல் இருக்கும். தனியாக இருக்கிற ஒரு அம்மா கூப்பிட்டார்கள். மகன் வாங்கி அனுப்பிய இன்ஸ்டன்ட் கெய்சர், 3000 வாட். பாத்ரூமில் இருந்தது சின்ன 6 ஆம்பியர் பிளக். கவரைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு எம்எம் வயர், எர்த் வயரே இழுக்கவில்லை. 3000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர் வரும். "இந்த லைனில் மாட்டக் கூடாதும்மா. மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்கணும், நாலு எம்எம் வயர், 16 ஆம்பியர் பிளக், எர்த், லோடு கூடினா தானா அணையுற தனி எம்சிபி சுவிட்ச். அதுக்கு லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடணும்" என்றேன்.

"பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவு சொல்றியே தம்பி" என்றார்கள். கோபமில்லை, ஏமாற்றம். நான் எதையும் தொடாமல் வந்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள். வேறொருவர் வந்து மாட்டிக் கொடுத்திருக்கிறார். சாக்கெட் கருகி, பிளாஸ்டிக் உருகிச் சுவரில் வழிந்து காய்ந்திருந்தது. மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினேன். உள்ளே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு விரல்கடை நீளத்தில் ஒரு துண்டு வயர் இருந்தது.

மின்வேலை தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே வயிற்றைப் பிசையும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நியூட்ரல் என்பது மின்சாரம் திரும்பிப் போகிற வயர். எர்த் என்பது கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கி ஆளைக் காப்பாற்றுகிற வயர். எர்த் வயர் இல்லாத இடத்தில், எர்த் இருப்பதுபோல் காட்டுவதற்கு நியூட்ரலையே அந்தப் பின்னில் கொடுத்துவிடுவது ஒரு குறுக்குவழி. கெய்சர் ஓடும், டெஸ்டர் வைத்தால் எரியாது, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். என்றைக்காவது அந்த நியூட்ரல் வயர் ஒரு ஸ்க்ரூவில் தளர்ந்தால் போதும். கெய்சர் ஆன் ஆகியிருக்கும்போது அதன் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். ஈரக் கையோடு குழாயைத் திருகுகிறவர் அந்த அம்மா.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? அந்த வயரைப் போட்டவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. தொழிலுக்கு வந்த முதல் இரண்டு வருஷம் நானும் அதைச் செய்திருக்கிறேன். எனக்குத் தொழில் சொல்லித் தந்த அண்ணன் அப்படித்தான் சொல்லித் தந்தார். அவருக்கு யார் சொல்லித் தந்தார்களோ. விஷயம் புரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைவில் இருந்த வீடுகளுக்கெல்லாம் மறுவாரமே போய், "ஒரு தடவை செக் பண்ணிக்கிறேன்" என்று சொல்லி அந்தத் துண்டு வயரைக் கழற்றினேன். ஒரு வீட்டார் மட்டும் காலி செய்துகொண்டு போயிருந்தார்கள். புதிதாகக் குடிவந்தவர் என்னை உள்ளே விடவில்லை. நான் யார் என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வீட்டுப் பக்கம் போகும்போது இன்றைக்கும் நெஞ்சு ஒரு மாதிரி ஆகிறது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். நாங்கள் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்குக் கோடு ஏற்கெனவே போட்டிருக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி அது. பிறகு மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் அதே கருத்து வந்தது. 2023-இல் அந்த ஒழுங்குமுறைகளைப் புதிதாக்கிய பிறகும் சாரம் அதேதான். ஒரு வீட்டின் மின் அமைப்பில் புதிதாகச் சேர்ப்பது, மாற்றுவது, பழுதுபார்ப்பது எல்லாம் மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமாக, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். விளக்கு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றை, அந்த அமைப்பின் கொள்ளளவும் தன்மையும் எந்த வகையிலும் மாறாதபடி கழற்றி மாட்டுவதற்கு மட்டும் விலக்கு.

கொள்ளளவும் தன்மையும் மாறாதபடி. இந்த மூன்று சொல்லை யாராவது என் 20 வயதில் எனக்குத் தமிழில் சொல்லியிருந்தால் போதும். பழைய சுவிட்சைக் கழற்றிப் புது சுவிட்ச் போடுவது என் வேலை. 6 ஆம்பியர் இருந்த இடத்தில் 16 ஆம்பியர் கொடுப்பது என் வேலை இல்லை. கெய்சர் வேலை ஏன் பத்து நிமிஷ வேலை இல்லை என்று அந்த அம்மாவுக்கும் நான் அரை வாக்கியத்தில் விளக்கியிருப்பேன். 60 வருஷத்துக்கு மேலாக இருக்கிற கோட்டை 17 வருஷம் தொழில் செய்தவன் மகளோடு ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஹார்டுவேர் கடையில் வயர் வாங்க நிற்கும்போது எதிர்ச் சுவரில் இது எழுதி ஒட்டியிருக்க வேண்டாமா?

கோடு மின்சாரத்தில் மட்டும் இல்லை. தண்ணீர் வேலையிலும் இருக்கிறது. சென்னையில் குடிநீர் வாரியம் பிளம்பர்களுக்கு உரிமம் கொடுக்கிறது. தெருக் குழாயை வெட்டி வீட்டுக்கு இணைப்பு எடுப்பதும், வீட்டுக்குள் வாஷர் மாற்றுவதும் ஒன்றில்லை என்பது எங்களுக்குத் தெரியும். தெரு வேலையில் கை தவறினால் ஊர்த் தண்ணீரில் சாக்கடை கலக்கும். அதை உரிமம் உள்ளவருக்கு விட்டுவிடுவதில் எனக்கு ஒரு தடையும் இல்லை.

இன்னொரு கோடு உண்டு, அதைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க மாட்டேன். "அடைப்பு எடுக்கணும், வாங்க" என்று கூப்பிடுவார்கள். போனால் கொல்லைப்புறத்தில் செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து வைத்திருப்பார்கள். "கொஞ்சம் இறங்கிக் குத்திவிட்டாப் போதும். கூடக் காசு தர்றோம்" என்பார்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய வைப்பதைத் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது கூப்பிடுகிற வீட்டுக்காரருக்கும் தெரியாது, இறங்குகிற பையனுக்கும் தெரியாது. விஷவாயுவுக்கு மட்டும் தெரியும் யார் உள்ளே வந்தார் என்று. எங்களைப் போன்றவர்கள்தான் இந்த வேலைக்கு முதலில் கூப்பிடப்படுகிறோம். மறுப்பதற்கு எங்கள் கையில் ஒரு தாள் வேண்டும்.

நான் கேட்பது இதுதான். வீட்டுப் பராமரிப்பு வேலை செய்கிறவர் என்று உள்ளாட்சி அளவில் ஒரே ஒரு பதிவு. இடத்துக்கு இல்லை, ஆளுக்கு. ஒரு பக்கம் என் படம், பெயர், பதிவு எண். மறுபக்கம் தமிழில் இரண்டு பத்தி: இவர் செய்யலாம், இவர் செய்யக் கூடாது. கெய்சர் லைன் இழுப்பது, மீட்டர் போர்டில் கை வைப்பது, தெரு இணைப்பு, சமையல் எரிவாயு லைன், தொட்டிக்குள் இறங்குவது இவையெல்லாம் இரண்டாவது பத்தியில் வரட்டும். "செய்ய மாட்டேன்" என்று நான் சொல்லும்போது வீட்டுக்காரர் என் சோம்பேறித்தனம் என்று நினைக்காமல், அட்டையைத் திருப்பிப் படிக்கட்டும். எங்களில் பலருக்கு உரிமம் என்றால் ஒரு வேலையைச் செய்ய அனுமதி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, செய்யக் கூடாத வேலையை மறுப்பதற்கான அனுமதி.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. தெருவோர வியாபாரிகளுக்கும் கடை கிடையாது, சொத்து வரி ரசீது கிடையாது. ஆனால் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் கணக்கெடுத்து, விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும் கொடுக்கச் சொல்லியது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியது. தள்ளுவண்டிக்காரருக்குச் செய்ய முடிந்ததைப் பெட்டி வண்டிக்காரருக்கும் செய்ய முடியும். குழுவில் எங்கள் ஆள் இருந்தால், எந்த வேலை ஆபத்து என்பதை அவர் வயரைத் தொட்டுப் பார்த்தே சொல்வார்.

"உங்களுக்குத்தான் ஏற்கெனவே அட்டைகள் இருக்கின்றனவே" என்று கேட்பீர்கள். உண்மைதான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறேன். அது நல்ல அட்டை. ஆனால் அது நலத்திட்டத்துக்கான அட்டை. எனக்கு என்ன வேலை தெரியும் என்று அது யாருக்கும் சொல்லாது. சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தருகிற உத்யம் பதிவும் எடுத்தேன். 2020-இல் இருந்து ஆதாரை வைத்துச் சுய அறிவிப்பிலேயே கிடைக்கிறது, கட்டணம் இல்லை. மகள் பத்து நிமிஷத்தில் முடித்தாள். வங்கிக்குப் போனால் உதவும்; ஒரு வீட்டு வாசலில் நின்று காட்டினால் அவர்களுக்கு அது என்னவென்று புரியாது. வரியைப் பொறுத்தவரை, சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. நான் அந்தப் பக்கமே இல்லை. தொழில் வரி என்னைப் பொறுத்து வந்தால் கட்டிவிடுவேன். அதற்கு அரசியல் சட்டமே ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

அட்டை இல்லாததன் வலி அபார்ட்மென்ட் கேட்டில் தெரியும். செக்யூரிட்டி அண்ணன், "எந்தக் கம்பெனி?" என்று கேட்பார். செயலி வழியாக வருகிற பையன் சட்டையைக் காட்டி உள்ளே போய்விடுவான். நான் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 17 வருஷத்தில் என் ஆதார் நகல் எத்தனை கேட்டுகளில், எத்தனை மேசை இழுப்பறைகளில் கிடக்கிறதோ தெரியாது. அந்தச் செயலிகள் வழியாக வருகிற பிளம்பிங், தச்சு வேலைகளுக்கு ஜிஎஸ்டி சட்டத்தில் தனி ஏற்பாடே இருக்கிறது. பதிவு இல்லாத சிறு தொழிலாளி செய்த வேலைக்கு அந்த நிறுவனமே வரி கட்ட வேண்டும். ஆகவே வீட்டுப் பராமரிப்பு என்ற தொழில் நம் சட்டத்துக்குப் புதிது இல்லை. வரிப் பிரிவுக்குத் தெரிந்த தொழில் உள்ளாட்சிப் படிவத்துக்கும் தெரியட்டும். நகராட்சி முத்திரை போட்ட அட்டை இருந்தால், கேட்டில் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு விடுவார்கள். தனியாகத் தொழில் செய்கிறவன் யாருக்கும் கமிஷன் கொடுக்காமல் தலை நிமிர்ந்து உள்ளே போகலாம்.

கோட்டை எங்கே போடுவது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதைப் பணத்தால் பிரித்திருக்கிறார்கள். கூலியும் பொருளும் சேர்ந்து 500 டாலருக்குக் குறைவான வேலைக்கு ஒப்பந்ததாரர் உரிமம் வேண்டாம் என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து அதை 1,000 டாலராக உயர்த்தினார்கள். கட்டட அனுமதி தேவைப்படாத வேலையாக இருக்க வேண்டும், கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது என்ற நிபந்தனைகளும் சேர்த்தார்கள். நம் ஊருக்குப் பணக்கோடு சரிவராது. இங்கே உயிரைப் பறிக்கிற தவறுக்குக் கூலி 200 ரூபாய்தான் இருக்கும். சிங்கப்பூரில் வேலையின் தன்மையைப் பார்க்கிறார்கள். குழாயைக் கழற்றி மாட்டுவது போன்ற எளிய வேலைக்கு உரிமம் கேட்பதில்லை, வெந்நீர்க் கலன் பொருத்த உரிமம் உள்ள பிளம்பர் வேண்டும். நம் மின்சார விதியும் தன்மையைத்தான் பார்க்கிறது. அந்த வழியே நமக்குப் பொருந்தும்.

அட்டையோடு நின்றுவிட்டாலும் போதாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போக விரும்புகிறவருக்கு வழி வேண்டும். மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. 21 வயது நிறைந்தவர், வயரிங் தொழிலில் 5 வருஷத்துக்குக் குறையாத அனுபவம் உள்ளவர் எழுதலாம். உச்ச வயது வரம்பு இல்லை. பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுத் தொழிலுக்கு வந்தவனுக்கு இதைவிட நல்ல கதவு கிடையாது. இதை ஏற்படுத்தியவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் எனக்கு அந்த அறிவிப்பு தெரியவந்தபோது கடைசித் தேதி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அனுபவச் சான்று என்று வந்தபோதும் திகைத்துவிட்டேன். எனக்குச் சொல்லித் தந்த அண்ணனிடம் உரிமம் கிடையாது, அவர் எழுதித் தந்தால் யார் ஏற்பார்கள்? உரிமம் உள்ள ஒருவரிடம் நான் வேலை பார்த்ததே இல்லை. உரிமம் இல்லாதவர்களிடம் தொழில் கற்றவர்களுக்கு அனுபவத்தை நிரூபிக்க வேறு வழி திறந்துவிடுங்கள். ஐடிஐ பட்டறையில் ஒரு போர்டும் கொஞ்சம் வயரும் கொடுத்து எங்களைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று அரை மணியில் தெரிந்துவிடும். தெரியாதவனுக்கு மாலை வகுப்பில் இடம் கொடுங்கள். தேர்வுத் தேதியை மின்கட்டணம் கட்டுகிற இடத்திலும் ஹார்டுவேர் கடைகளிலும் ஒட்டுங்கள். நாங்கள் நிற்கிற இடங்கள் அவைதான்.

உரிமம் உள்ளவர்களிடமும் ஒரு வார்த்தை. வயரிங்கைப் போய்ப் பார்க்காமலே, டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிற பழக்கம் இருக்கிறது. நேரில் பார்த்திருக்கிறேன். வேலை செய்தவனிடம் உரிமம் இல்லை, உரிமம் இருப்பவர் வேலையைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் கையில் மட்டும் எல்லாம் சரியென்று ஒரு தாள் இருக்கும். எங்களைப் போன்றவர்களை உங்கள் மேற்பார்வையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரை வெட்டிக் குழாய் பதிப்பதும் வயர் இழுப்பதும் நாங்கள் செய்கிறோம், நீங்கள் வந்து, வயரில் கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெகர் கருவியை வைத்துப் பார்த்து இணைப்புக் கொடுங்கள். அந்த அம்மா வீட்டில் கடைசியில் அப்படித்தான் செய்தோம். எனக்குத் தெரிந்த உரிமம் பெற்ற ஒருவரை அழைத்துப் போனேன். சுவரில் காடி வெட்டியது நான், எர்த் குழி தோண்டியது நான், லைனைப் பரிசோதித்துக் கையெழுத்திட்டது அவர். மின்சாரம் கசிந்தால் தானே அணைத்துவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டுவிட்டோம். அதன் டெஸ்ட் பட்டனை அந்த அம்மாவையே அழுத்தச் சொன்னோம். வீடே டப்பென்று அணைந்ததும் பயந்துபோய், பிறகு சிரித்தார்கள்.

என் சக தொழிலாளிகள் சிலருக்கு இந்த மடல் பிடிக்காது என்று தெரியும். "இன்னொரு அட்டை வந்தால் இன்னொரு அலைச்சல், இன்னொருத்தர் கை நீட்டுவார். இப்ப நிம்மதியாத்தானே இருக்கோம்" என்கிறார்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அதனால்தான் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்: உத்யம் மாதிரி கட்டணமில்லாமல், சுய அறிவிப்பில் பதிவு நடக்கட்டும். அதன்பின் ஒரே ஒரு நாள் பயிற்சி. மெயினை அணைப்பது எப்படி, ஷாக் அடித்தவரை எப்படி விலக்குவது, எர்த் என்றால் என்ன, எந்த வேலையை மறுக்க வேண்டும். அந்த ஒரு நாள் முடிந்ததும் அட்டை. ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய்க்கான பிரதமரின் விபத்துக் காப்பீடு வங்கிகளில் இருக்கிறது. அதை அன்றைக்கே அங்கேயே சேர்த்துவிடுங்கள். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். கிராம ஊராட்சிகளுக்கும் இதே அட்டை செல்லட்டும். நகர எல்லை தாண்டி இரண்டு கிலோமீட்டர் போனால் நான் வேறு ஆளாகிவிடுவதில்லை. பதிவு இல்லாதவரைப் பிடித்து அபராதம் போடுகிற வேலை மட்டும் முதல் சில வருஷங்களுக்கு வேண்டாம். அட்டை உள்ளவரை மக்கள் தேடிக் கூப்பிட ஆரம்பித்தால், மற்றவர்கள் தாமாக வரிசையில் வந்து நிற்பார்கள்.

எங்கள் பக்கத்தில் நாங்கள் தருவது: செய்த வேலை, போட்ட பொருள், கூலி, பதிவு எண் எல்லாம் எழுதி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. வேலை கெட்டால் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு எங்களைக் கேளுங்கள். நுகர்வோர் மன்றத்துக்குப் போக வேண்டுமானாலும் போங்கள். 17 வருஷமாக வாய்வார்த்தையில் தொழில் செய்கிறவன் இதை யோசிக்காமல் சொல்லவில்லை.

அட்டையின் மறுபக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்று நானும் மகளும் ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறோம். தமிழில்தான். எங்கள் தெருவில் கொத்து வேலை செய்கிறவர், தச்சர், ஏசி மெக்கானிக் மூவரும் படித்துப் பார்த்துத் திருத்தினார்கள். தச்சர் "உயரத்துல கயிறு கட்டித் தொங்குற வேலையையும் சேரு" என்றார், சேர்த்துவிட்டோம். எங்கள் வார்டில் அடுத்த பகுதி சபைக் கூட்டம் கூடும்போது அந்தத் தாளோடு வருவேன். கருகிய அந்த சாக்கெட்டையும் கொண்டுவருவேன். துண்டு வயர் அதில் அப்படியே இருக்கிறது. கழற்றிய நாளிலிருந்து அதை என் பையில்தான் வைத்திருக்கிறேன். உங்களில் யார் வந்தாலும் கையில் வாங்கி ஒரு தடவை பாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டுப் பராமரிப்பு வேலை செய்கிற ஒருவன்